பின்னால் ஒரு சிவப்பு விளக்கு

"நீ போய் ரசத்தை இறக்கு. இது ஆம்பிளைங்க சமாசாரம்" என்றார் என் கணவர். முற்றத்தில் புல்லட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பேசியதால் ரசம் என்றது எனக்கு 'வசம்' என்று கேட்டது. நான் போய் ரசத்தை இறக்கி வைத்து, தாளித்துக் கொட்டி, மூடிவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் அதே இடத்தில், அதே ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்தார்.

எங்கள் புல்லட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1978ஆம் வருஷத்து வண்டி. 350 சி.சி. என் மாமனார் வாங்கியது. இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் 1955இல் ஆரம்பித்தார்களே, அந்த என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் செய்து அனுப்பியது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள். ஹெட்லைட்டுக்கு இரு பக்கமும் இரண்டு குட்டி விளக்குகள், பூனைக் கண் மாதிரி. ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு சின்ன மீட்டர். அதில் நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் ப்ளஸ், ஒரு பக்கம் மைனஸ். அதற்கு ஆம்மீட்டர் என்று பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் அதை நான் கடிகாரம் என்று நினைத்து, "மாமா, இது ஓடலியே" என்று கேட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். 2011இல் மாமனார் காலமானார். வண்டியை விற்க இவருக்கு மனசு வரவில்லை. எனக்கும்தான்.

இவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மேஸ்திரி. எங்கள் ஊர் அங்கிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தை ஒட்டி. இரண்டாம் ஷிப்ட் என்றால் இரவு பத்துக்கு முடியும். மெயின் ரோட்டை விட்டால் மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான். தெருவிளக்கு கிடையாது. கரும்பு ஏற்றின டிராக்டர் பின் விளக்கு இல்லாமல் நிற்கும். மாடு படுத்திருக்கும். பத்தே முக்காலுக்கு எங்கள் தெருமுனையில் 'டுப் டுப்' என்று சத்தம் கேட்கும் வரைக்கும் எனக்குத் தூக்கம் பிடிக்காது.

2022 ஐப்பசி மாதம். நல்ல அடைமழை. ஒரு ராத்திரி பதினொன்றே கால் ஆகியும் சத்தத்தைக் காணோம். செல்போனில் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு நனைந்து வந்து நின்றார். முழங்கை சிராய்ந்து ரத்தம்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. வழுக்கிருச்சு."

வழுக்கவில்லை. மறுநாள் சின்னவனிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். பாலத்துக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதும் ஹெட்லைட் படக்கென்று அணைந்துவிட்டது. எதிரே ரோடு எங்கே, ஓடை எங்கே என்று தெரியவில்லை. நல்ல வேளை, விழுந்தது சகதியில். "எஞ்சின் பாட்டுக்கு ஓடிச்சுடா, விளக்கு மட்டும் செத்துப் போச்சு" என்றார். அந்த வார்த்தையை என் காது பிடித்துக்கொண்டது.

ஏன் என்றால், நான் சைக்கிள் கடைக்காரர் மகள்.

என் அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். பத்தாவது வரை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில்தான் இருப்பேன். பஞ்சர் ஒட்டுவேன், டைனமோ விளக்கு மாட்டுவேன். சைக்கிள் டைனமோவைப் பார்த்திருப்பீர்கள், பாட்டில் மாதிரி டயரில் உரசிக்கொண்டு சுற்றும். 6 வோல்ட், 3 வாட். அதிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகும். சின்னப் பிள்ளையில் எனக்கு அது ஆச்சரியம். வீட்டு விளக்குக்கு இரண்டு ஒயர் இருக்கிறதே, இதற்கு மட்டும் ஏன் ஒன்று என்று அப்பாவிடம் கேட்டேன். "ரெண்டாவது ஒயர் இந்தச் சைக்கிளேதாம்மா" என்றார். மின்சாரம் ஒயர் வழியாக விளக்குக்குப் போய், சைக்கிளின் இரும்புச் சட்டம் வழியாகத் திரும்பி டைனமோவுக்கு வருகிறது. அந்தத் திரும்பி வருகிற வழிக்குத்தான் எர்த் என்று பெயர். டைனமோவை மாட்டுகிற கிளாம்பில் கூரான ஒரு ஸ்குரூ இருக்கும். அதைத் திருகினால் பெயிண்ட்டைத் துளைத்து இரும்பைத் தொடும். பெயிண்ட்டைத் துளைக்காவிட்டால் விளக்கு எரியாது. "போற ஒயரை எல்லாரும் பார்ப்பான். திரும்பி வர்ற வழியை ஒருத்தனும் பார்க்க மாட்டான்" என்பார் அப்பா.

மோட்டார் சைக்கிளிலும் இதே கதைதான். பேட்டரியின் ஒரு முனை வண்டியின் இரும்போடு சேர்ந்திருக்கும். எல்லா விளக்குக்கும் திரும்பும் வழி அந்த இரும்புதான்.

இவர் என்ன செய்தார்? முதலில் புது பல்பு வாங்கி வந்தார். அது வாழைப்பழத் தோல் மாதிரி மஞ்சளாக மினுங்கியது. அடிப்பக்கம் பித்தளையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். 12 வோல்ட். கடைப் பையன் கையில் கிடைத்ததைக் கொடுத்திருக்கிறான். எங்கள் வண்டியோ 6 வோல்ட். பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பல்பின் வயிற்றிலேயே வோல்ட் எழுதியிருக்கும். 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பல்பு அழுது வடியும். 12 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் பல்பு ஒரு நொடியில் உயிரை விடும்.

அடுத்து டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் போனார். எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கிற பெரியவர் கொரோனா சமயத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். இது வேறு ஆள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆல்டர்னேட்டர் காயில் போயிருச்சு சார். பழசு எதுக்கு, எல்லாத்தையும் 12 வோல்ட்டா மாத்திடலாம்" என்று ஆயிரக்கணக்கில் ஒரு தொகை சொன்னாராம். பெரியவளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. இவர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா? வண்டி வேகமா ஓடும்போது அந்த மீட்டர்ல முள் எந்தப் பக்கம் போகுது?"

"ப்ளஸ் பக்கம். ஏன்?"

"அப்ப காயில் உயிரோடதான் இருக்கு."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆல்டர்னேட்டர் வேலை செய்யாவிட்டால் எஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் முள் ப்ளஸ்ஸுக்கு வராது. மைனஸ் பக்கம் என்றால் பேட்டரியிலிருந்து செலவாகிறது. ப்ளஸ் என்றால் பேட்டரிக்கு வரவு. நம் வீட்டுக் கணக்கு நோட்டுத்தான், வேறொன்றுமில்லை. இந்த மீட்டரைப் பற்றிக் கடிகாரக் கேள்வி கேட்ட வெட்கத்தில் மாமனாரிடம் பிறகு நானே விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். அது இப்படி உதவும் என்று நினைக்கவில்லை.

அப்போது சொன்னதுதான், ரசத்தை இறக்கு என்று.

ஆனால் நான் விடவில்லை. அதற்குக் காரணம் பள்ளத்தில் அணைந்த ஹெட்லைட் மட்டும் இல்லை. அன்று சாயங்காலம் அவர் வேலைக்குப் புறப்பட்டபோது பின்னாலிருந்து பார்த்தேன். பின் விளக்கு செத்த நெருப்பாகச் சிவந்திருந்தது. பிரேக்கை மிதித்தார். பளிச்சென்று ஆக வேண்டியது, இருந்த வெளிச்சமும் மங்கிப் போயிற்று.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். 2001இல் மொபெட்டில் வந்துகொண்டிருந்தவனைப் பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணி. லாரிக்காரர் ஓடவில்லை. அங்கேயே நின்று, "வண்டி இருக்கறதே தெரியலீங்க" என்று அழுதாராம். பின் விளக்கு பல்பு ஃபியூஸ் ஆகி ஒரு மாதம் ஆகியிருந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சைக்கிள் கடைக்காரர் மகன். அப்பா அதற்குப் பிறகு கடையைத் திறக்கவே இல்லை.

இதை நான் என் கணவரிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா? "ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வண்டியை எங்கிட்ட விடுங்க. சரியாகலைன்னா திங்கக்கிழமை அந்த மெக்கானிக்கிட்டயே கொண்டு போங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். "இந்தா புள்ள, ஊர் சிரிக்கும்" என்றார்கள் மாமியார், திண்ணையில் இருந்தபடி. "சிரிக்கட்டும் அத்தை" என்றேன்.

முதலில் வளையல்களைக் கழற்றி வைத்தேன். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக் குத்தி வைத்தேன். சகோதரிகளே, இது முக்கியம். 6 வோல்ட் ஷாக் அடிக்காது, வாஸ்தவம்தான். ஆனால் தங்க வளையலோ சங்கிலியோ பேட்டரி முனைக்கும் வண்டி இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து தோலைப் பிய்த்துவிடும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வாருங்கள். பேட்டரிக்குள் இருப்பது ஆசிட். தெறித்தால் யோசிக்காமல் தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும்.

பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால் பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது, பழைய புளிச் சாடி மாதிரி. எர்த் பக்கத்து ஒயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் வண்டிச் சட்டத்தில் பட்டுப் பொறி பறக்கும். ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, பேட்டரி மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் முனைகளைத் தேய்த்தேன். நுரைத்துக்கொண்டு கழன்று வந்தது. சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட மூடிக்குள் போகக் கூடாது. போனால் ஆசிட்டின் காரம் செத்துவிடும். துடைத்துக் காயவைத்து, ஒயரை மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். உள்ளே தண்ணீர் குறைந்திருந்தது. அதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் ஆகாது, காசு கொடுத்து வாங்குகிற குடிதண்ணீரும் ஆகாது. 6 வோல்ட் பேட்டரியில் மூன்று அறைகள் இருக்கும். மூன்றிலும் தகடுகள் முழுகியிருக்க வேண்டும். இன்னொன்று: பேட்டரியைச் சார்ஜ் போடுகிறவர்கள் சுவாமி விளக்கு இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதிலிருந்து வருகிற ஹைட்ரஜன் வாயு தீப்பிடித்து வெடிக்கும்.

ஃபியூஸைப் பார்த்தேன். அதில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றி வைத்திருந்தது. இவர் சிகரெட் பிடிப்பதை விட்டுப் பத்து வருஷமாகிறது. அப்படியானால் அந்தத் தாளுக்கு எத்தனை வயசு? எங்கேயாவது ஒயர் உரசி ஷார்ட் ஆகியிருந்தால் ஃபியூஸ் போவதற்குப் பதில் ஒயரே எரிந்திருக்கும், அதுவும் பெட்ரோல் டாங்கிக்கு அடியில். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போய்ப் புது ஃபியூஸ் இரண்டு வாங்கி வந்தார். ஒன்று வண்டிக்கு, ஒன்று சீட்டுக்கு அடியில் வைக்க.

இனிதான் விஷயம். பின் விளக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். பல்பு சரியாக இருந்தது. அதில் இரண்டு இழைகள். ஒன்று எப்போதும் எரிவதற்கு, மற்றொன்று பிரேக்குக்கு. பல்பின் பக்கவாட்டில் இருக்கிற இரண்டு முள்ளும் ஒரே உயரத்தில் இருக்காது. தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்றுதான் அப்படி. இரண்டு இழைக்கும் திரும்புகிற வழி ஒன்றே ஒன்று, பல்பின் பித்தளை உடம்பு. அங்கிருந்து ஹோல்டர், ஹோல்டரிலிருந்து மட்கார்டு, மட்கார்டிலிருந்து சட்டம். மின்சாரம் மங்கலாகத்தான் திரும்புகிறது என்றால் வழியில் அடைப்பு இருக்கிறது. பிரேக்கை மிதிக்கும்போது இரண்டு இழையின் மின்சாரமும் அந்த ஒரே சந்துக்குள் முண்டியடிக்கின்றன. ஆகவே இருந்த வெளிச்சமும் போகிறது. ஒரு குழாயில் இரண்டு பேர் குடம் வைத்த மாதிரி.

ஒரு முழ ஒயரை எடுத்து இரண்டு முனையையும் சீவினேன். விளக்கைப் போடச் சொல்லி, ஒயரின் ஒரு முனையைச் சட்டத்தில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்து, மறு முனையை பல்பு ஹோல்டரின் இரும்பில் தொட்டேன். குப்பென்று சிவப்பு. எடுத்தேன், மங்கியது. தொட்டேன், சிவந்தது. சின்னவன் கை தட்டினான். மாமியார் திண்ணையிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாவது தடவை பெருமையில் கை தவறி ஒயரை ஹோல்டருக்குள்ளே மின்சாரம் வருகிற முனையில் தொட்டுவிட்டேன். படீரென்று ஒரு பொறி. புது ஃபியூஸ் போயிற்று. "ஐயையோ, இவளை உள்ள கூட்டிப் போங்கடா" என்று மாமியார் அலறினார்கள். இரண்டு ஃபியூஸ் வாங்கினது நல்லதாகப் போயிற்று. ஜிகினாத் தாள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

அடைப்பு எங்கே என்று தேடினால், மட்கார்டைச் சட்டத்தோடு சேர்க்கிற போல்ட்டுகளில். போன ஆயுத பூஜைக்கு இவர் மட்கார்டைக் கழற்றி, கறுப்பு பெயிண்ட்டை இரண்டு கோட் அடித்து, அழகாகத் திரும்ப மாட்டியிருந்தார். சந்தனம் குங்குமம் வைத்ததெல்லாம் அந்தப் பெயிண்ட்டின் மேல்தான். அப்பாவின் கூர் ஸ்குரூ ஞாபகம் வந்தது. போல்ட்டைக் கழற்றி, வாஷர் உட்காருகிற இடத்தில் மட்டும் உப்புத்தாளால் பளபளவென்று இரும்பு தெரியத் தேய்த்து, இறுக்கி, துருப்பிடிக்காமல் இருக்க மேலே வாசலின் தடவினேன். கூடவே ஹோல்டரிலிருந்து சட்டத்துக்குத் தனியாக ஒரு ஒயரும் போட்டுவிட்டேன்.

பின் விளக்கு ஆயிற்று. அன்றைக்கே முன் விளக்கும் நன்றாக எரிந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். திங்கட்கிழமை ராத்திரி வந்தவர், "பாலத்துப் பள்ளத்துல மறுபடி அணைஞ்சுது" என்றார். மெதுவாக வந்ததால் விழவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. நின்ற வண்டியில் எரிந்தால் ஓடுகிற வண்டியிலும் எரியும் என்று நான் நம்பியது தப்பு.

மறுநாள் காலை எஞ்சினை ஓடவிடாமல் ஹெட்லைட்டை மட்டும் போட்டேன். ஆம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது. எங்கள் பல்பு 30 வாட். 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஆகிறது. ஹாண்டில்பாரைப் பிடித்து இடம் வலமாகத் திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் முன் பக்கத்தை அமுக்கி அமுக்கி ஆட்டச் சொன்னேன். நாலாவது ஆட்டத்தில் விளக்கு அணைந்தது. முள் ஏறக்குறைய நடுவுக்கு வந்து நின்றது. முள் ஒரேயடியாக மைனஸ் கோடிக்குப் பாய்ந்திருந்தால் எங்கோ ஷார்ட் என்று அர்த்தம். நடுவுக்கு வந்தால் வழி அறுந்திருக்கிறது.

எஞ்சின் ஓடுகிறது, பின் விளக்கு எரிகிறது, ஹெட்லைட் மட்டும் அணைகிறது. அப்படியானால் பேட்டரியில் குறை இல்லை. ஹெட்லைட் இருக்கிற முன் பாகம் முழுவதும் ஹாண்டில்பாரோடு சேர்ந்து திரும்புகிறது. அது சட்டத்தோடு சேருகிற இடம் கழுத்து. அந்தக் கழுத்துக்குள் இருப்பது சின்னச் சின்னக் குண்டுகளும் கிரீஸும். இரண்டு மாதத்துக்கு முன்புதான் சர்வீஸில் புதுக் கிரீஸ் வைத்திருந்தார்கள். ஹெட்லைட்டிலிருந்து எர்த்துக்கென்று ஒரு ஒயர் சட்டத்துக்கு வருகிறது. கழுத்தில் அதைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே ரப்பர் முழுசாக இருக்கிறது, உள்ளே செம்புக் கம்பி இல்லை. பூரான் மாதிரி வளைகிறது. நாற்பத்து நாலு வருஷம் ஹாண்டில்பார் திரும்பித் திரும்பி உள்ளுக்குள்ளேயே இற்றுப்போயிருக்கிறது. மின்சாரம் பாவம், கிரீஸில் மிதக்கிற குண்டுகள் வழியாகத் தட்டுத் தடுமாறித் திரும்பிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் குதித்தால் குண்டுகள் விலகும், விளக்கு போகும்.

புது ஒயர், கொஞ்சம் தடிமனானது, ஒன்றரை அடி. இரண்டு முனையிலும் வளையம் வைத்து அமுக்கிக் கொடுக்கச் சொன்னேன். கடையில் அதை லக் என்கிறார்கள். ஒரு முனை ஹெட்லைட் கூட்டுக்குள், ஒரு முனை சட்டத்தில் தேய்த்துவிட்ட போல்ட்டில். ஹாண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, ஒயர் இழுபடாத அளவுக்குத் தொளதொளவென்று விட்டுக் கட்டினேன். சடைக்கு ரிப்பன் கட்டினால் தலை திரும்ப இடம் விடுகிறோம் அல்லவா, அது போல. ஆன செலவு நூறு ரூபாய்கூட இல்லை. அதில் பாதி ஃபியூஸ்.

வெளிச்சம் முன்பைவிடக் கூடியிருந்தது. சின்னவனின் பிளஸ் டூ பௌதிகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பிறகு நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழியில் துருவும் பெயிண்ட்டும் ஒரே ஒரு வோல்ட்டைத் தின்றுவிட்டால் 12 வோல்ட் வண்டிக்கு மீதி 11. எங்கள் வண்டிக்கு மீதி 5 தான். 6இல் 1 போனால் விளக்கின் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பழைய 6 வோல்ட் வண்டிகளை எல்லோரும் மின்மினி என்று கேலி செய்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. என் அண்ணன் மகன், "எல்.இ.டி. போட்டுருங்க அத்தை" என்கிறான். போடலாம். அதற்கும் திரும்பி வர வழி வேண்டுமே.

எல்லாவற்றையும் நாமே பார்த்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒயர் கருகின வாசனை வந்தால், ஃபியூஸ் போடப் போடப் போய்க்கொண்டே இருந்தால், ஓடும்போது முள் ப்ளஸ்ஸுக்கு வராவிட்டால், நல்ல மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். ஆனால் போவதற்கு முன் துருவையும் பெயிண்ட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம். வீட்டுக்காரர் வண்டியை எடுக்கும்போது பின்னால் போய் நின்று ஒரு தடவை பிரேக்கை மிதிக்கச் சொல்ல எந்தப் படிப்பும் வேண்டாம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு நம் நாட்டில் செய்த இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே முன் விளக்கு தானாக எரிகிறது. பின் விளக்கு அணைந்தால் அது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. பின்னால் இருக்கிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போதும் மத்தியானம் இவர் வேலைக்குப் புறப்படும்போது நான் வாசலுக்கு வருவேன். விளக்கைப் போடுவார், பிரேக்கை மிதிப்பார், நான் தலையை ஆட்டுவேன், புறப்படுவார். நான் தம்பியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. போன வாரம் நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வருவதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

திண்ணையிலிருந்து மாமியார் சொன்னார்கள்: "ஓடி வராத. நான் பார்த்துட்டேன். ரெண்டும் எரிஞ்சுது."